கடைவாசல் – 9: கல்லாவுக்குப் பின்னால் நிற்கும் ஊர்

ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் 'பிராமணர்', 'இதரர்' என்று தனித்தனியாக இருந்த சாப்பாட்டுப் பகுதிகள் 1941-இல் ஒழிந்த கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். ரயில் நிலையம் எல்லோருக்கும் பொது, அங்கே பாகுபாடு கூடாது என்று வாதாடுவது எளிது. ஆனால் சொந்த முதல் போட்டு, சொந்தத் திண்ணையில் பாய்லர் வைத்து டீ ஆற்றுகிறவரிடம் அதே நியாயத்தைச் சொல்ல முடியுமா? 'என் கடை, என் பால், என் கிளாஸ். யாருக்கு ஊற்றுவது என்பது என் இஷ்டம்' என்று அவர் சொன்னால் பதில் என்ன? அந்தப் பதில் எழுதப்பட்ட வரலாறுதான் இந்த அத்தியாயம்.

கேள்வியைப் பேரிகையிலிருந்து தொடங்கலாம். சூளகிரி வட்டத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஊர். பாகலூர், சூளகிரி, அங்குசகிரியைப் போலப் பாளையக்காரர் காலத்தைப் பார்த்தது. சேலம் ஜில்லாவில் இருந்து, 1965-இல் தர்மபுரி மாவட்டத்துக்குப் போய், 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தது. தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும். தோட்டங்களில் தக்காளியும் ரோஜாவும். மாலூர்ப் பக்கம் ஒரு பஸ், ஓசூர்ப் பக்கம் ஒரு பஸ், நடுவே கம்பெனிகளின் ஷிப்ட் வண்டிகள்.

இப்படிப்பட்ட ஊரில் டீக்கடை இரண்டு வகை. சாலையோரக் கடையில் ஷிப்டுக்குப் போகிறவரும், லோடு ஏற்ற வந்தவரும், ஒடிசாவிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே நேரத்தில் கை நீட்டுவார்கள். யார் எந்தத் தெரு என்று விசாரிக்கக் கடைக்காரருக்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. ஊருக்குள் இருக்கும் கடை வேறு. வருகிறவரின் அப்பா பெயர், தாத்தா பெயர், குடியிருக்கும் தெரு எல்லாம் கடைக்காரருக்குத் தெரியும். ஆள் தெரியாத இடத்தில் சாதி பார்ப்பது கடினம். ஆள் தெரிந்த இடத்தில் பார்க்காமல் இருப்பதுதான் கடினம். தமிழ்நாட்டில் இரட்டைக் குவளை முறை பிழைத்துக் கிடந்தது இந்த இரண்டாவது வகைக் கடையில்தான்.

அதைக் கண்ணால் பார்க்காத தலைமுறை வந்துவிட்டதால் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். பாய்லருக்குப் பக்கத்தில் கண்ணாடி கிளாஸ்கள் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். கடைக்கு வெளியே, கூரைக் கழியிலோ வேலியிலோ அலுமினியக் குவளை ஒன்று தனியாகத் தொங்கும். சில ஊர்களில் கொட்டாங்குச்சி. தலித் வாடிக்கையாளர் அதை எடுத்து நீட்ட வேண்டும். கை படாத உயரத்திலிருந்து டீ ஊற்றுவார்கள். பெஞ்சில் உட்காராமல், நின்றோ குந்தியோ குடித்துவிட்டு, தானே கழுவி, எடுத்த இடத்திலேயே மாட்டிவிட்டுப் போக வேண்டும். விலையில் வித்தியாசம் கிடையாது. குவளைதான் இரண்டு, கல்லா ஒன்று.

காசு தீட்டுப்படாத இந்த வியாபாரத்தைத்தான் அரசியல் நிர்ணய சபை 1948 நவம்பர் 29 அன்று கையில் எடுத்தது. தீண்டாமையை ஒழிக்கும் பிரிவும், கடை, உணவகம், ஓட்டல், கேளிக்கை இடங்களில் யாரையும் தடுக்கக் கூடாது என்ற பிரிவும் ஒரே நாளில் விவாதத்துக்கு வந்தன. பிற்பாடு அவை முறையே 17-ஆம் பிரிவாகவும் 15(2)-ஆம் பிரிவாகவும் ஆயின. கடை என்றால் எதுவரை என்று சபையில் கேள்வி எழுந்தது. அம்பேத்கர் சுருக்கமாக முடித்துவிடவில்லை. தேடி வருகிற எவருக்கும் சேவை தர ஒருவர் தயாராக உட்கார்ந்திருக்கும் இடமெல்லாம் கடைதான் என்றார். உள்ளே நுழைய விடுவதோடு கடமை முடிந்துவிடாது, நிபந்தனை ஒத்துப்போனால் சேவையையும் தர வேண்டும் என்பதே பொருள் என்று தெளிவுபடுத்தினார்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் அரசைப் பார்த்துப் பேசுபவை. அரசு இதைச் செய்யாதே, அதைத் தடுக்காதே என்று சொல்பவை. 15(2)-இன் கடைவாசல் விதியும் 17-ஆம் பிரிவும் அரசைத் தாண்டி நேராகக் குடிமக்களைப் பார்த்துப் பேசுகின்றன. இந்தியாவில் ஒரு மனிதனை அன்றாடம் வாசலில் நிறுத்தியது கலெக்டர் அலுவலகத்தைவிட அதிகமாக டீக்கடை, சலூன், சலவைக்கடை என்பதை எழுதியவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். சென்னை மாகாணத்துக்கு இது புதிதும் இல்லை. 1924-இல் பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்ததையும், 1938-இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சமூகத் தடைகளை நீக்கும் சட்டம் வந்ததையும் இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளில் படித்திருக்கிறீர்கள்.

அரசியல் சட்டம் சொன்னதற்குப் பல் கொடுத்தது 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். 1976-இல் திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது இதுவே. கடை, ஓட்டலில் அனுமதி மறுப்பதை நான்காம் பிரிவு குற்றமாக்கியது. அத்தோடு, பொதுப் பயன்பாட்டுக்கென ஓட்டலில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையும் தனியாகக் குறிப்பிட்டுக் குற்றமாக்கியது. வெளியே தொங்கிய அந்த அலுமினியக் குவளையை மனதில் வைத்துக்கொண்டு யாரோ எழுதிய வரி அது. ஆறாம் பிரிவு இன்னும் இறுக்கமானது. மற்றவர்களுக்கு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த நிபந்தனையில் பொருளையோ சேவையையோ தருகிறீர்களோ, அப்படியே இவருக்கும் தர வேண்டும் என்கிறது. 'தர மாட்டேன் என்று சொல்லவில்லையே, பின்வாசலுக்கு வரச் சொன்னேன்' என்ற சாக்கு அந்த இடத்தில் அடைபட்டுப் போகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், மறுப்புக்குக் காரணம் தீண்டாமைதான் என்று நீதிமன்றம் அனுமானிக்கும். அப்படி இல்லையென்று நிரூபிக்க வேண்டியது மறுத்தவர் பொறுப்பு. 1976 திருத்தம் குறைந்தபட்சச் சிறைத் தண்டனையைக் கட்டாயமாக்கியது.

சட்டம் எட்டாத இடத்தில் தெருப் போராட்டம் கடைவாசலுக்கு வந்ததும் உண்டு. 1957-இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் தொடர் மறியல் நடத்தினார். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். கடைசியில் அந்தச் சொல் பலகையிலிருந்து இறங்கியது. யாரையும் உள்ளே விடாமல் தடுக்காத ஒரு கடை, பலகையில் மட்டும் சாதியை எழுதி வைத்தால் அது வணிக உரிமையா, அவமதிப்பா என்பது அன்றைய சண்டை. அதை முடித்து வைத்தது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல, தெருவின் அழுத்தம்.

இதே காலத்தில் அமெரிக்காவிலும் சண்டை ஒரு சாப்பாட்டு மேடையைச் சுற்றித்தான் நடந்தது. 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் கறுப்பின மாணவர்கள் நால்வர் வுல்வொர்த் கடைக்குப் போனார்கள். பற்பசை போன்ற சாமான்களை ஒரு கவுண்ட்டரில் வாங்கினார்கள். காசு வாங்கிக்கொண்டு பொருளைக் கொடுத்தார்கள். அதே கடையின் உணவு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டபோது தர மறுத்தார்கள். அங்கேயும் கல்லா ஒன்று, மேடை இரண்டு. அந்நிறுவனம் வட மாநிலக் கிளைகளில் கறுப்பின மக்களுக்கு உணவு பரிமாறிக்கொண்டுதான் இருந்தது. தெற்கில் மட்டும் ஏன் மறுக்கிறீர்கள் என்றால், உள்ளூர் வழக்கத்தை அனுசரிக்கிறோம் என்பதே அதன் பதில். பல மாதப் போராட்டமும் வியாபார நஷ்டமும் சேர்ந்து ஜூலையில் அந்த வழக்கத்தை முடித்தன.

1964-இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் எதிர்த்து வாக்களித்தார். இனப் பாகுபாட்டைத் தான் ஆதரிக்கவில்லை, ஆனால் தனியார் கடைக்காரர் யாருக்கு விற்க வேண்டும் என்று அரசு ஆணையிடக் கூடாது என்பது அவர் நிலை. பொருளாதாரத்திலிருந்தும் ஒரு வாதம் வந்தது. பாகுபாடு பார்க்கிறவன் நல்ல வாடிக்கையாளரையும் நல்ல தொழிலாளியையும் இழக்கிறான், போட்டி மிகுந்த சந்தை நாளடைவில் அவனைத் தண்டித்துவிடும் என்ற எண்ணத்துக்கு அடித்தளம் போட்டவர் கேரி பெக்கர். அவருடைய நூல் 1957-இல் வெளிவந்தது. சட்டத்தை எதிர்த்து அட்லாண்டாவின் ஒரு மோட்டல் உரிமையாளர் தொடுத்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதே 1964 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. நம் 15(2) அமலுக்கு வந்து அப்போது 14 ஆண்டுகள் முடிந்து 15-ஆவது ஆண்டு நடந்துகொண்டிருந்தது.

கோல்ட்வாட்டர் வாதத்தை எளிதாக உதறிவிடக் கூடாது. தன் பொருளைத் தன் விருப்பப்படி கையாளும் சுதந்திரம் உண்மையிலேயே பெரிய சுதந்திரம். ஆனால் அந்த வாதம் ஒன்றை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளச் சொல்கிறது: மறுக்கிற கடைக்காரர் தன் சொந்த விருப்பத்தால் மறுக்கிறார் என்பதை. தெற்கு அமெரிக்காவில் அது பாதிதான் உண்மை. அலபாமாவின் பர்மிங்காம் நகரில், இரு இனத்தாருக்கும் உணவு தரும் கடை நடுவில் குறைந்தது ஏழடி உயரத்துக்குத் தடுப்பு வைத்தாக வேண்டும் என்று நகர விதியே இருந்தது. விதி இல்லாத ஊரில் வழக்கம் இருந்தது. தமிழ்நாட்டில் என்ன நிலை? அதற்கு 2022-க்கு வர வேண்டும்.

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளம். 2022 செப்டம்பர். பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்க வந்த பள்ளிச் சிறுவர்களிடம், இனி உங்களுக்குப் பொருள் கிடையாது, ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் கடைக்காரர். கட்டுப்பாடு என்றால் என்ன என்று புரியாமல் ஒரு சிறுவன் திருப்பிக் கேட்கிறான். இத்தனையும் வீடியோவாகப் பதிவாகிப் பரவியது. கட்டுப்பாடு போட்டவர்கள் மேல் இருந்த பழைய மோதல் வழக்கு ஒன்றைத் திரும்பப் பெற வைக்க, பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு நெருக்கடி கொடுப்பதே அந்தக் கட்டுப்பாட்டின் நோக்கம் என்று செய்திகள் வந்தன. கடைக்கு சீல் வைத்தார்கள். கைதுகள் நடந்தன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பத்தாம் பிரிவைக் கொண்டு, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

அந்தக் கடைக்காரர் பேச்சில் 'நான்' இல்லை, 'ஊர்' இருந்தது. சிறுவர்களுக்கு மிட்டாய் விற்றால் அவருக்கு லாபம். விற்காமல் இருப்பது அவருக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தை அவர் ஏற்கக் காரணம், விற்றால் மற்றவர்கள் அவர் கடைக்கு வராமல் போவார்கள் என்பது. சந்தை தானே பாகுபாட்டைத் தண்டித்துவிடும் என்ற கணக்கு இந்த இடத்தில் தலைகீழாகிறது. இங்கே சந்தை தண்டிப்பது பாகுபாடு பார்க்காதவரை. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் ஒரே கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் ஊரில், கடைக்காரரின் சுதந்திரம் என்று நாம் பேசுவது உண்மையில் அவரை மிரட்டுகிறவர்களின் சுதந்திரம்.

1955-ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் இதைக் கண்டிருந்தார்கள் என்பதற்கு அதன் ஏழாம் பிரிவில் ஒரு சான்று இருக்கிறது. தீண்டாமையைக் கடைப்பிடிக்க மறுத்தார் என்பதற்காகத் தன் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை ஒதுக்கி வைப்பதும், அவருக்குரிய உரிமையைப் பறிப்பதும் அதன்படி தண்டனைக்குரிய குற்றம். எல்லோருக்கும் ஒரே கிளாஸில் டீ கொடுத்த காரணத்துக்காக ஊர் ஒதுக்கும் கடைக்காரருக்கும் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு என்று இதற்குப் பொருள். 1976 திருத்தம் இன்னும் ஓரடி போய், தீண்டாமைக்கு உடந்தையாக இருக்கும் ஊரின் மேல் கூட்டு அபராதம் விதிக்க மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 2016-இல் அமலுக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையே தனிக் குற்றமாக்கியது. கடைக்காரர் ஒருவரைப் பிடித்தால் போதாது, அவர் தோளுக்குப் பின்னால் நிற்பவர்களையும் பிடிக்க வேண்டும் என்ற அறிவு சட்டத்தில் படிப்படியாக ஏறியிருக்கிறது.

ஊர் சொல்லாமலே, தன் மனதார மறுக்கும் கடைக்காரர் இல்லையா? உண்டு. அவருக்கு அம்பேத்கர் சொன்ன பதிலே போதும். வீட்டுக்கு யாரை விருந்துக்கு அழைப்பது என்பது உங்கள் விருப்பம். தெருவைப் பார்த்துக் கதவைத் திறந்து, விலைப்பட்டியல் மாட்டி, வாருங்கள் என்று சொன்ன பிறகு, வருகிறவரின் பிறப்பைக் கேட்கும் உரிமை போய்விடுகிறது. கடன் கேட்பவருக்கு மறுக்கலாம், குடித்துவிட்டுத் தகராறு செய்கிறவரை வெளியேற்றலாம், பத்து மணிக்குக் கடையைச் சாத்தலாம். இவையெல்லாம் நடத்தையையும் தொழிலையும் சார்ந்தவை.

கோடு எல்லா இடத்திலும் இவ்வளவு தெளிவாக இல்லை என்பதும் உண்மை. பார்சிகளுக்கு மட்டும் உறுப்பினர் உரிமை தரும் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதியை 2005-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2011-இல் அதே நீதிமன்றம், 15(2)-இல் வரும் கடை என்பதில் தனியார் கல்வி நிறுவனமும் அடங்கும் என்று சொல்ல, 1948 நவம்பர் விவாதத்தைத் துணைக்கு எடுத்துக்கொண்டது. ஆறு ஆண்டு இடைவெளியில் ஒன்று வாசலைச் சுருக்கியது, இன்னொன்று அகலமாக்கியது. வாடகை வீடு தேடி அலைபவர்கள் இன்றும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்கள்.

எல்லைப்புறத்துக்குத் திரும்புவோம். சிப்காட் தொழிற்பேட்டை ஓசூரில் 1970-களில் வந்தது. அசோக் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன் என்று ஆலைகள் வளர்ந்தன. டைட்டன் 1980-களில் கைக்கடிகாரம் செய்யச் சுற்றுவட்டார மாவட்டங்களின் பள்ளி முடித்த இளைஞர்களை எடுத்துப் பயிற்சி கொடுத்ததும், மாற்றுத்திறனாளிகளைத் தொழிலாளர்களாகச் சேர்த்ததும் இப்பகுதி அறிந்த கதை. சட்டம் கட்டாயப்படுத்தாமலே ஒரு நிறுவனம் கதவை அகலத் திறக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. திறக்கும் உரிமை இருப்பவரிடம் சாத்தும் உரிமையும் இருக்கிறதே என்பதுதான் சிக்கல்.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி அந்தச் சிக்கலைக் காட்டியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை, பொருத்துப் பணிக்குத் திருமணமான பெண்களை எடுக்காமல் தவிர்க்கிறது என்றது செய்தி. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், அடிக்கடி விடுப்பு என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. மெட்டி, தாலி போன்ற உலோக அணிகள் உற்பத்திக்கு இடைஞ்சல் என்பதுகூட ஒரு காரணம். நிறுவனம் மறுத்தது, புதிதாகச் சேர்ந்தவர்களில் 25 சதவீதம் பேர் திருமணமான பெண்கள் என்றது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. கையிலிருந்த சட்டம் 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம். வேலைக்கு எடுக்கும்போது பெண் என்பதால் பாகுபாடு கூடாது என்று அதன் ஐந்தாம் பிரிவு சொன்னது. தாலி கட்டியவர், கட்டாதவர் என்று பெண்களுக்குள்ளேயே பிரித்தால் என்ன செய்வது என்று அது வெளிப்படையாகச் சொல்லவில்லை.

பாஞ்சாகுளத்தையும் ஸ்ரீபெரும்புதூரையும் ஒரே பத்தியில் வைப்பது பொருந்தாது என்று தோன்றலாம். கொடுமையின் அளவில் இரண்டும் வேறுதான். ஆனால் மறுக்கும் முறையைக் கவனியுங்கள். பெட்டிக்கடைக்காரர் ஊரின் பெயரைச் சொன்னார். ஆலைக்கு ஆள் எடுத்துத் தரும் ஏஜென்ட் கம்பெனியின் பெயரைச் சொல்கிறார். கம்பெனியோ அது ஏஜென்ட் போட்ட விளம்பரம் என்று சொல்லிவிட முடியும். வுல்வொர்த் உள்ளூர் வழக்கத்தைச் சொன்னது. வாசலில் நிற்பவர் முகத்தைப் பார்த்து 'எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் மறுக்கிறேன்' என்று சொன்னவர்கள் இந்த வரலாற்றில் மிகக் குறைவு. ஆகவே தனியார் வணிகத்துக்குப் பாகுபாடு காட்டும் உரிமை உண்டா என்று கேட்பதற்கு முன்னால், அந்த மறுப்பு யாருடையது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் கடைக்காரருடையதாக இருக்காது.

இப்படிப் பார்த்தால் சட்டத்தின் பலவீனமும் தெரிகிறது. குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் எட்டாம் பிரிவு, குற்றம் நடந்த தொழிலுக்கான உரிமத்தை ரத்து செய்ய இடம் தருகிறது. ஆனால் தண்டனை உறுதியான பிறகுதான். அதுவரை வழக்கைச் சுமக்க வேண்டியவர் அந்த ஊரிலேயே கூலி வேலை பார்த்து, அதே கடையில் கணக்கு வைத்து அரிசி வாங்குகிறவர். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் வேறு விசாரணைக்காகப் போன இடத்தில்தான் டீக்கடையின் தனிக்குவளை அதிகாரிகளின் கண்ணில் பட்டது. 2024 பிப்ரவரியில் தர்மபுரி மாவட்டம் அரூர்ப் பக்கம் தோட்ட வேலைக்குப் போன பெண்களுக்குக் கொட்டாங்குச்சியில் டீ கொடுத்தது வெளியே வர ஒரு வீடியோ தேவைப்பட்டது. தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2007 முதல் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்ததால்தான் பல தனிக்குவளைகள் பதிவுக்கே வந்தன. எடை குறைந்தால் தராசைச் சோதிக்க ஆய்வாளர் வருகிறார், பண்டம் கெட்டிருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருகிறார். யாரும் புகார் தர வேண்டும் என்று அவர்கள் காத்திருப்பதில்லை. கிளாஸைச் சோதிக்க மட்டும் பாதிக்கப்பட்டவரே காவல் நிலையத்துக்கு நடக்க வேண்டியிருக்கிறது. உரிமம் கொடுக்கும் அலுவலகமே வருடாந்திரச் சோதனையில் இதையும் சேர்த்துப் பார்த்தால், புகார் கொடுத்தவர் யார் என்ற கேள்விக்கே ஊரில் இடமிருக்காது. எல்லோருக்கும் ஒரே கிளாஸ் வைக்க விரும்பும் கடைக்காரருக்கும் ஊரிடம் சொல்ல ஒரு பதில் கிடைக்கும்: 'நான் என்ன செய்ய, ஆபீஸர் வந்து பார்க்கிறார்.'

மறுப்பதற்கு இன்னொருவர் பெயரைச் சொல்லிப் பழகியவர்கள், மறுக்காமல் இருக்கவும் ஒரு பெயரைச் சொல்லிக்கொள்ளட்டும். அந்தப் பெயராக அரசு இருப்பதில் தவறில்லை.

அடுத்த இதழில் எல்லையைத் தாண்டுகிறோம். 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை, தனியார் நிறுவன நிர்வாகப் பணிகளில் 50 சதவீதமும் மற்றப் பணிகளில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாள்களிலேயே நிறுத்தி வைத்தது. இதே போன்ற 75 சதவீத வாக்குறுதி 2021-இல் தமிழ்நாட்டுத் தேர்தல் அறிக்கையிலும் இருந்தது. பாகுபாடு காட்டாதே என்று தனியாருக்குச் சொல்லும் அரசு, பாகுபாடு காட்டு என்றும் சொல்லலாமா? பேரிகையில் பஸ் ஏறி மாலூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர் எந்த ஊர்க்காரர்?

(தொடரும்)